அக்காவும் நானும் குற்றாலம் போன கதை

போய்விட்டு வந்து பத்து நாளாகிறது. தோள்பட்டை வலி இன்னும் விடவில்லை. அக்காவைப் பேருந்துப் படிகளில் ஏற்றி இறக்கியதில் வந்த வலி. அன்றன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து ஃபோனில் தட்டி வைத்த குறிப்புகளை, எழுத்துப்பிழை திருத்தி, கோபத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடுகிறேன்.

அக்காவுக்கு வயது 44, எனக்கு 41. அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். எல்லோருக்கும் இரண்டாக இருக்கிற 21-ஆம் குரோமோசோம் அவளுக்கு மூன்று. அவள் பிறந்த 1981-ல் ஒரு டாக்டர் அம்மாவிடம், "இருபது வயசு தாண்டாதும்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றாராம். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா அந்த டாக்டரை நினைத்துக்கொண்டு பாயசம் வைப்பாள்.

வீட்டில் அவள் பெயர் பாப்பா. அப்பா, அம்மா கூப்பிட்டதைக் கேட்டு நானும் பாப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தேன். எனக்கு மீசை முளைத்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. அவள் பாப்பாவாகவே இருந்தாள். இப்போது என் மகளும் அத்தையை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. வருஷா வருஷம் சீசனுக்கு அம்மாவும் பாப்பாவும் மட்டும் ரயிலேறிக் குற்றாலம் போய் வருவார்கள். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. லீவு இல்லை என்பேன். லீவு இருந்தது.

போன வருஷம் ஜூனில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா வாசல் பக்கம் பார்த்து "மஞ்ச அம்மா, மஞ்ச அம்மா" என்பாள். ஹாலில் மாட்டியிருக்கிற ஃபோட்டோவில் அம்மா மஞ்சள் பட்டுப்புடவை கட்டியிருக்கிறாள். ஃபோட்டோவைக் கழற்றிக் கையில் கொடுப்போம். அவள் தள்ளிவிடுவாள். என் மனைவி அழுவாள். டாக்டரிடம்கூடக் கேட்டோம். நாற்பதுக்கு மேல் இவர்களுக்கு ஞாபகமறதி நோய் சீக்கிரமே வர வாய்ப்பு அதிகம், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தலைத்திவசம் முடிந்ததும் மனைவிதான் சொன்னாள்: "அவங்க ரெண்டு பேரும் போற ஊருக்கே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்."

ஜூலை 19, சனி. தென்காசி, குற்றாலம்

ரயிலில் அவள் தூங்கினாள். நான் தூங்கவில்லை. குறட்டைச் சத்தத்தில் எதிர் பெர்த்துக்காரர் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூச்சுப்பாதை குறுகல், தசைகளும் தளர்ச்சி. அதனால் குறட்டையும், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் சகஜம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பக்கத்தில் படுத்துக் கேட்டது இதுதான் முதல் தடவை. நடுநடுவே குறட்டை சட்டென்று நின்றுபோகும். அப்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மறுபடி ஒரு பெரிய உறுமலோடு ஆரம்பித்ததும்தான் விடுவேன். அம்மா இத்தனை வருஷமும் இப்படித்தான் படுத்திருக்கிறாள்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் மூன்றடுக்கு ஏசியில் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி உண்டு. அதற்கான காகிதங்கள் எல்லாம் அம்மாவின் மஞ்சப்பையில் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. உறை மேல் ஸ்கெட்ச் பேனாவில் "ரயில்", "பஸ்", "ஆஸ்பத்திரி" என்று அம்மா கையெழுத்து. பரிசோதகர் பார்த்துவிட்டு அக்காவிடம் "தேங்க் யூ மேடம்" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் நீட்டாமல் அவளிடம் நீட்டியது எனக்குப் பிடித்தது. மதுரை தாண்டும் வரை அவள் தனக்குத்தானே "மேடம்" சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தென்காசியில் இறங்கியதும் முகத்தில் சாரல். குளிர் என்று சொல்ல முடியாது. சென்னை ஜூலையில் வெந்து கிடந்தவனுக்கு அது குளிர்தான். காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளைத் தள்ளும் என்பார்கள். உண்மையாகவே தள்ளியது. இடிந்து மொட்டையாகக் கிடந்து 1990-ல் திரும்பக் கட்டிய கோபுரம். நான் நிமிர்ந்து நிலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அக்கா கையிரண்டையும் விரித்துக் காற்றில் சாய்ந்து நின்றாள். முந்தானை பறந்தது. பக்கத்தில் ஒரு பூக்காரி, "வருசா வருசம் இப்படித்தான் நிக்கும்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வியாபாரத்தில் இறங்கிவிட்டார்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். சீசன் விலை 1,800 ரூபாய், விசிறி மட்டும். வரவேற்பில் இருந்தவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன உறவு?" என்றார். "அக்கா" என்றேன். அக்கா திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

அவர் ஆதாரைக் கேட்டார். அப்பா பெயரை ஒத்துப் பார்த்தார். திருப்தி இல்லாமல், "தப்பா நெனக்காதிய, போலீஸ்ல கேப்பாவ" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். அப்போது அக்கா மேஜையில் கையை ஊன்றி, அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தெளிவாகச் சொன்னாள்: "எந் தம்பி." சாவி வந்துவிட்டது.

சாயந்திரம் பேரருவி. தண்ணீர் நன்றாக விழுந்தது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கம்பி. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து அந்தக் கம்பி முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இவளை யார் உள்ளே கூட்டிப் போவது? மாற்றுத்துணி எடுத்தாயிற்று, மாத்திரை எடுத்தாயிற்று, துண்டு எடுத்தாயிற்று. இதை யோசிக்கவில்லை. தனியாக அனுப்ப முடியாது. பாறை வழுக்கும். அவளுக்கு ஒரு காலில் நிற்கவே பிடிமானம் வேண்டும்.

ஒரு அம்மாளிடம் கேட்டேன். அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு "எங்க கூட குழந்தைங்க இருக்காங்க சார்" என்று நகர்ந்தார். இன்னொரு பெண், கல்லூரி மாணவி மாதிரி இருந்தவர், உடனே "வாங்க ஆன்ட்டி" என்று கையைப் பிடித்தார். அக்கா கையை உதறிவிட்டாள். தெரியாதவர்கள் தொட்டால் அவளுக்கு ஆகாது. அதுவும் அங்கே வைத்துத்தான் ஞாபகம் வந்தது. நனையாத துண்டோடு திரும்பி வந்தோம். வழி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

கடை வீதியில் ரம்புட்டான் கிலோ 240 சொன்னார்கள், 200-க்குக் கொடுத்தார்கள். இரண்டாவது பழத்தை அவள் உரிப்பதற்குள் ஒரு குரங்கு வந்து பையையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குத்தான் அன்றைக்கு முதல் முறையாக விழுந்து விழுந்து சிரித்தாள். ராத்திரி செங்கோட்டைப் பக்கம் ஆட்டோ பிடித்துப் போய்ப் பரோட்டா. உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும், வாழை இலையில் பிய்த்துப் போட்டு நாட்டுக்கோழிச் சால்னாவை ஊற்றினார்கள். நான் ஐந்து. அவள் எட்டு.

ஜூலை 20, ஞாயிறு. ஐந்தருவி

காலை ஆறு மணிக்கு ஒரு சண்டை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டும், அரைமணி நேரத்துக்கு டீ கூடாது. அவளுக்கு எழுந்ததும் டீ வேண்டும். சென்னையில் இதை என் மனைவி எப்படியோ சமாளிக்கிறாள். நான் கடிகாரத்தைக் காட்டி விளக்கினேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். கடையைத் தேடி நடக்க இருபது நிமிஷம், டீ வர ஐந்து நிமிஷம், ஆற ஐந்து நிமிஷம். கணக்கு சரியாக இருந்தது. மறுநாளில் இருந்து இதே ஏற்பாடுதான். மாத்திரை, செருப்பு, நடை, டீ.

ஐந்தருவிக்கு டவுன் பஸ். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடையாது, அவர்களுக்குத் துணையாகப் போகிறவருக்கும் கிடையாது. நடத்துநர் அட்டையைப் பார்த்துவிட்டு எனக்கும் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா புண்ணியத்தில் ஓசிப் பயணம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் என் கையை விட்டுவிட்டாள். வழக்கமாக அவள் நடை மெதுவாக இருக்கும், தரையைப் பார்த்தபடிதான் நடப்பாள். இப்போது நான் பின்னால் போக வேண்டியிருந்தது. சிப்ஸ் கடைகளைத் தாண்டினாள். எண்ணெய் மசாஜ்காரர்கள் என்னைக் கூப்பிட, அவளே அவர்களிடம் "வேணாம்" என்றாள். ஒரு தகரக் கூரைக் கடை முன்னால் போய் நின்றாள். சீயக்காய், நல்லெண்ணெய்ப் பாக்கெட், சோப்பு, சீப்பு, பெரிய எவர்சில்வர் தட்டில் குவித்து வைத்த மஞ்சள்பொடி. உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். விரல்கள், நகங்கள், புடவைத் தலைப்பு எல்லாம் மஞ்சள்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "மஞ்ச அம்மா" என்றாள்.

"ஏ பாப்பா! வந்துட்டியா? அம்மைய எங்க?"

"போட்டோல இருக்கா."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முக்காலியில் உட்கார்ந்து தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா தட்டில் விரலை வைத்து வட்டம் போட்டுக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். ஒன்பது வருஷப் பழக்கமாம். அம்மா இவர் கடையில்தான் பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போவாளாம். கடைசி இரண்டு மூன்று வருஷம் அம்மாவுக்கு முழங்கால் முடியாமல், அக்காவை அருவிக்குக் கூட்டிப் போனதே இவர்தானாம். "போன வருசம் வரலியேன்னு அப்பமே நெனச்சேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்கதான் சென்னைத் தம்பியா? ஒங்களுக்கு லீவே கெடைக்காதாமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அம்மா சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்.

பதின்மூன்று மாதம். தினமும் அவள் கேட்டது இந்த ஊரை, இந்தக் கடையை, இந்த அம்மாளை. நாங்கள் ஃபோட்டோவைக் கழற்றிக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"கடையைப் பாத்துக்கிடுங்க" என்று என்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் அக்காவின் கையைப் பிடித்தார். உதறல் இல்லை, ஒன்றும் இல்லை. இருவரும் பெண்கள் பக்கம் போய் மறைந்தார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து இரண்டு சீயக்காய்ப் பாக்கெட்டும் ஒரு சோப்பும் விற்றேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், அரைமணி. அருவிச் சத்தத்துக்குள் அக்கா குரல் கேட்கிற மாதிரியே இருந்தது. பாறை, வழுக்கல், பாசி என்று மனசு என்னென்னவோ படம் காட்டியது.

திரும்பி வந்தபோது அவள் முகம் முழுக்க மஞ்சள். பல்லெல்லாம் தந்தி அடித்தது. உதடு நீலம். என்னிடம் வந்து ஈரத்தலையை என் சட்டையில் துவட்டிக்கொண்டாள். அம்மா புடவையில் துவட்டுவாள், எனக்குத் தெரியும். என்னிடம் இதுவரை செய்ததில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாளுக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. மஞ்சள்பொடி கால் கிலோ வாங்கினேன், அதற்கு மட்டும் விலை சொன்னார். ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

மதியம் சித்திரசபை. நடராஜருக்கான ஐந்து சபைகளில் ஒன்று, உள்ளே சுவரெல்லாம் மூலிகை வண்ண ஓவியம். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்க ஆசை. அவளுக்குப் பசி. போனோம், வந்தோம்.

ஜூலை 21, திங்கள். கல்லிடைக்குறிச்சி, பாபநாசம்

செங்கோட்டையில் இருந்து திருநெல்வேலி போகிற ரயில் பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வலது பக்கம் மலை கூடவே வரும். பாவூர்சத்திரம், கீழக்கடையம், அம்பாசமுத்திரம். அம்மாவின் வாயில் நான் கேட்டு வளர்ந்த பெயர்கள் பலகையில் வரிசையாக வந்தன.

கல்லிடைக்குறிச்சியில் மாமா வீட்டில் மதியச் சாப்பாடு. எங்களுக்காகச் சொதி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால் சொதிக்கு இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும். கூடவே ஊர் அப்பளம். சொதியைப் பற்றி ஒரு பத்தி எழுதலாம், ஆனால் மாமா பேசியதில் பாதிச் சுவை போய்விட்டது.

"எத்தனை நாளைக்குடா நீ வச்சுப் பாக்க முடியும்? ஒம் பொஞ்சாதிக்கும் ஒரு வாழ்க்கை இருக்குல்லா. நல்ல ஹோம் எல்லாம் இருக்காம். இதுக்கு என்ன தெரியவா போகுது?"

இது என்று அவர் சொன்னவள் அவருக்கு எதிர் இலையில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா கெட்டவர் இல்லை. அம்மா செத்தபோது எல்லாச் செலவையும் முன்னின்று பார்த்தவர். ஆனால் அவள் இருக்கிற இடத்தில் அவளைப் பற்றி இப்படித்தான் எல்லோரும் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். வங்கியில், ஆஸ்பத்திரியில், கார்டியன் சான்றிதழுக்கு அலைந்தபோது. பதினெட்டு வயசுக்கு மேல் ஆகிவிட்டால் கூடப்பிறந்தவன் என்ற உரிமை மட்டும் போதாது. 1999-ஆம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இருக்கிற மாவட்டக் குழுவிடம் மனுப் போட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் அவள் கணக்குக்கு நகரவில்லை. ஒன்பது மாதம் அலைந்தேன். அந்த ஒன்பது மாதமும் அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். ஒரு தடவையாவது அவளிடம் நான் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மாமாவிடம், "அவகிட்டயே கேளுங்க மாமா" என்றேன். அவர் தர்மசங்கடமாகச் சிரித்தார். அக்கா இலையை மடித்துவிட்டு "போலாம்" என்றாள். எதிர்ப்பக்கமாக மடித்தாள். அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

பாபநாசத்தில் கூட்டம். வியாழக்கிழமை ஆடி அமாவாசை. காரையார் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சு, பானை, பாய், ஆடு எல்லாவற்றோடும் இப்போதே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தாமிரபரணிப் படித்துறையில் காலை நனைத்தோம். ஆற்றில் துணியை விட்டால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டு, ஆற்றடியெல்லாம் வேட்டியும் புடவையும். ஒரு பழைய சேலை அக்கா காலில் சுற்றிக்கொண்டது. அலறிவிட்டாள். அதை எடுப்பதற்குள் நான் முழங்கால்வரை நனைந்தேன், ஒரு செருப்பும் போனது. திருநெல்வேலி வரை ஒற்றைச் செருப்போடு வந்து, ஜங்ஷன் பக்கம் 150 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன்.

ஜூலை 22, செவ்வாய். திருச்செந்தூர்

இந்த நாளை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

இந்த மாதம்தான் கும்பாபிஷேகம் முடிந்த கோயில், செவ்வாய்க்கிழமை, ஆடி மாதம். காலை எட்டு மணிக்கே வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு மணி நேரம் நகர்ந்திருப்போம். ஒரு பெரியவர் கடந்து போகையில் அக்காவின் கையில் பத்து ரூபாய்த் தாளை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். "தெய்வக் குழந்தை" என்றார். எனக்குச் சுருக்கென்றது, திருப்பிக் கொடுக்கத் தேடினேன், ஆள் இல்லை. அக்கா அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வளைவில், கம்பிகளுக்கு நடுவே, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி பாப்பா." எந்திரிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் முதலில் பாவம் என்றார்கள், அப்புறம் "சார் நகருங்க" என்றார்கள், அப்புறம் சத்தம் வந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உடம்பைத் தளர்த்திக் கல் மாதிரி கனத்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. "எழுந்திருடி சனியனே" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

எனக்கும் கால் ஓய்ந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பக்கத்திலேயே கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தேன். எங்களைத் தாண்டித் தாண்டிக் கால்கள் போயின. ஒரு பையன் என் தோளை மிதித்துவிட்டு "சாரி அங்கிள்" என்றான். அப்போதுதான் அவள் ஏதோ முணுமுணுப்பது காதில் விழுந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு. அவளுக்கு ஏழு கிடையாது. சின்ன வயசில் நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வேன், அம்மா என்னை அடிப்பாள். இப்போது கூடவே எண்ணினேன். முதல் தடவை வாய் தவறி ஏழு சொல்லிவிட்டேன். அவள் என்னை முறைத்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது முறை பத்து வந்ததும் கம்பியைப் பிடித்து எழுந்தாள். நான் இன்னும் கீழேயே இருந்தேன். கையை நீட்டினாள்.

"தம்பி, எந்திரி."

வரிசைக்கு எதிர்த்திசையில், ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தோம். முருகனைப் பார்க்கவில்லை. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். மஞ்சள்கடை அம்மாளுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன், சனியனே என்றதை மட்டும் விட்டுவிட்டு. அவர், "கூட்டத்துக்குள்ளயா கூட்டிட்டுப் போனிய? ஒங்க அம்மா கோவிலுக்கு உள்ள போகவே மாட்டாவளாம். வெளிய நின்னு கும்புட்டுட்டு நாழிக்கிணத்துத் தண்ணிய ஊத்திட்டு வந்துருவோம்பாவ" என்றார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது அருவிக்கரையில் கடை வைத்திருக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாழிக்கிணறு கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. அக்கா அதைத் தலையில் ஊற்றிக்கொண்டு என் தலையிலும் ஊற்றினாள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கவனம் முழுக்கச் சில்லுக்கருப்பட்டிக் கடையில் இருந்தது. ரவிக்கைக்குள் இருந்த பத்து ரூபாயை எடுத்து நீட்டினாள். கடைக்காரர் பத்து ரூபாய்க்கு வராது என்று சொல்லாமல் இரண்டு துண்டைத் தாளில் மடித்துக் கொடுத்தார். சுக்கும் ஏலக்காயும் மணந்தது. ஒரு துண்டைக் கடித்துப் பாதியை எனக்குத் தந்தாள். இன்னொன்றை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். இனிமேல் யாராவது அவள் கையில் காசு வைத்தால் நான் சண்டைக்குப் போகப்போவதில்லை. அவளுக்கு வந்த காசு, அவள் பார்த்துக்கொள்வாள்.

ஜூலை 23, புதன். திருநெல்வேலி

ராத்திரி ரயில். அதுவரை பொழுது போக வேண்டும். இரண்டு பேருக்கும் அசதி. நெல்லையப்பர் கோயிலில் காலை பதினோரு மணிக்கு ஈ காக்கை இல்லை. பெரிய பிராகாரத்தில் அவள் பாட்டுக்கு நடந்தாள், நான் தூணில் சாய்ந்து தூங்கினேன். விழித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து என் செருப்பு டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கழிப்பறைப் பிரச்சினையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணம் முழுக்க அதுதான் என் பெரிய தலைவலி. அவளுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டால் திறக்க வராது. போடாவிட்டால் யாராவது தள்ளிக்கொண்டு போவார்கள். நான் பெண்கள் பக்கம் நிற்க முடியாது. சக்கர நாற்காலி படம் போட்ட அறை ஒவ்வொரு ஊரிலும் பூட்டியே இருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஆறு நாளில் எத்தனை பெண்களிடம் "கொஞ்சம் வாசல்ல நில்லுங்கம்மா" என்று கெஞ்சியிருப்பேன் என்று கணக்கில்லை. மறுத்தவர்கள் இரண்டு பேர். மீதி எல்லோரும் நின்றார்கள். திருநெல்வேலியில் ஒரு துப்புரவுப் பணியாளர், ஐந்து ரூபாய் வாங்குகிறவர், காசும் வாங்காமல் உள்ளேயே போய் அவளுக்குப் புடவை மடிப்பும் சரிசெய்து அனுப்பினார்.

சாயந்திரம் அல்வா. தேரடிப் பக்கம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திறக்கிற கடை, திறக்கும் முன்பே கூட்டம். நேற்றைய பாடத்துக்குப் பிறகு அவளை எதிர்ப்பக்கத் திண்ணையில் உட்கார வைத்து, அவள் கண்ணில் படுகிற இடத்தில் நான் மட்டும் நின்றேன். இலைத்துண்டில் சூடாக ஐம்பது கிராம் ஆளுக்கு. நெய் முழங்கை வரை வழிந்தது. அவள் இலையையும் நக்கினாள், பார்த்துக்கொண்டிருந்த நானும் நக்கினேன். வீட்டுக்கு அரைக்கிலோப் பொட்டலம். அவளுக்கு எடை ஏறக்கூடாது என்பதால் அதை என் பையின் அடியில் துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

ரயிலில் கீழ் பெர்த் அவளுக்கு. மேலே ஏறப் போன என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தூக்கம் வரும் வரை காலடியில் உட்கார்ந்திருந்தேன். குறட்டை ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் முகம் சுளிக்க, "எங்க அக்காதான் சார், ஒருக்களிச்சுப் படுக்க வச்சா குறையும்" என்று புரட்டிவிட்டேன். குறைந்தது. நான் மேலே போய்ப் படுத்தவன் விடிந்துதான் எழுந்தேன்.

ஜூலை 24, வியாழன். சென்னை

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள்பொடிப் பொட்டலத்தை எடுத்து அவளே சாமி அலமாரியில் அம்மா படத்துக்குக் கீழே வைத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஐந்தருவி அம்மாளுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். கால்மணி நேரம் இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை, அவர்களுக்குள் புரிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இப்போது தினமும் இது நடக்கிறது.

என் மனைவி பையைக் காலி செய்துகொண்டிருந்தாள். துணிகளுக்கு அடியில் இருந்து அல்வாப் பொட்டலம் வந்தது. பிரித்தாள். நெய்க்கறை மட்டும் இருந்தது, ஓரத்தில் விரல் வழித்த தடம்.

"அரைக்கிலோன்னு சொன்னீங்களே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் மனைவியைப் பார்த்தாள். கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"தம்பி தின்னுட்டான்."